அப்பா கேட்டுட்டாரு

இந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கிறேன்க்கா, தலை கலைஞ்சிரும். விசேஷத்துக்குப் போறேன், மானாமதுரைக்கு. ஆமா, பட்டுதான், எங்கம்மாவோடது. பஸ்ஸில பட்டு கட்டிட்டுப் போனா கசங்கும், அங்க போயி மாத்திக்கன்னு எங்கம்மா சொல்லுச்சு. அங்க போயி மாத்துறதுன்னா அந்த வீட்டுக்குள்ள போகணும். வேணாம்னு பார்த்தேன். நேரா மண்டபம், ஒரு போட்டோ, சாப்பாடு, கிளம்பிரணும்.

நீங்க எங்க, பரமக்குடியா? அப்பச் சரி. மானாமதுரைக்காரங்கன்னா வாயே தொறந்திருக்க மாட்டேன்.

சிநேகிதிக்கு நிச்சயதார்த்தம்க்கா. சங்கவின்னு பேரு. மதுரையில எம்.ஏ. ஹிஸ்டரி ஒண்ணாப் படிச்சோம். நெருங்குன சிநேகிதியான்னா கேக்குறீங்க? அவளைக் கேட்டா, நிரோஷா இல்லைன்னா நான் இல்லைன்னு சொல்லுவா. யாரு வந்தாலும் சொல்லுவா. ஏதாச்சும் கல்யாணத்துக்குப் போனா, அங்க வந்த கிழவிங்ககிட்டக் கூடச் சொல்லுவா. எனக்கு அப்படியே உடம்பு கூசும். பூமி பொளந்தா உள்ள போயிரலாம் போல இருக்கும். நான் அப்படி என்ன செஞ்சுட்டேன்? ஒண்ணும் செய்யல. நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

போன வருசம் தை மாசம் எங்க டிபார்ட்மெண்ட்ல இருந்து எகிப்து போனோம். பிரமிடு இருக்குல்ல, அந்த ஊரு. குணசீலி மேடம்தான் கூட்டிட்டுப் போனாங்க. நல்லவங்க, ஆனா ரொம்பக் கண்டிப்பு. பொம்பளப் புள்ள யாரும் தனியா எங்கயும் போகக்கூடாது. ஒருத்திக்கு உடம்பு சரியில்லாமத் திரும்பிப் போகணும்னாலும், ரூம்ல கூட இருக்கிறவ சேர்ந்து போகணும். ஏர்போர்ட்லயே எங்ககிட்டக் கையெழுத்து வாங்காத குறையா அதைச் சொல்லிட்டாங்க. எனக்கு ரூம்மேட் சங்கவி.

அவளுக்கு இந்தக் கோயில், கல்லறை எதுலயும் பெரிசா ஆசை கிடையாதுக்கா. அவங்கப்பாதான் போகச் சொன்னாரு. மினி பஸ் டிரைவரு. மானாமதுரையைத் தாண்டி அவரு போனதே இல்லையாம். நான் பார்க்காததெல்லாம் நீ பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லுன்னு அனுப்பிச்சாரு. ஒத்தப் புள்ள. தினமும் சாயங்காலம் ஹோட்டலுக்கு வந்ததும் வைஃபை போட்டு அப்பாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவா. அப்பா, இன்னைக்கு இதைப் பார்த்தேன், அதைப் பார்த்தேன்னு. அவரு பதில் போட மாட்டாரு, அவருக்கு அதெல்லாம் வராது. கேட்டதுக்கு அடையாளமா அந்த ரெண்டு நீல டிக் விழும். அப்பா கேட்டுட்டாருன்னு சொல்லிட்டுத்தான் படுப்பா.

ஆசையெல்லாம் எனக்குத்தான். அபு சிம்பல்னு ஒரு கோயில் இருக்குக்கா. எகிப்தோட தெக்குக் கடைசியில, மலையைக் குடைஞ்சு கட்டினது. வாசல்ல நாலு ராஜா உக்காந்திருப்பாங்க, ஆறு மாடி உசரத்துக்கு. நாலும் ஒரே ராஜாதான். ஆறாங்கிளாஸ்ல ஒரு காலண்டர்ல பார்த்தேன். அன்னையில இருந்து பைத்தியம். வீட்ல ஒத்தக் கால்ல நின்னு, சாப்பிடாமக் கிடந்து, அழுது, அப்பாவையும் அம்மாவையும் சம்மதிக்க வச்சேன். அந்தக் கோயிலைத்தான் டூர்ல கடைசியாப் போட்டிருந்தாங்க.

லக்சர்னு ஒரு ஊரு. அங்க ஆத்துக்குக் கிழக்கே கோயிலு, மேற்கே கல்லறை. பொழுது சாயிற பக்கம்தான் செத்தவங்களுக்குன்னு வச்சிருக்காங்க. அன்னைக்குக் காலையில கல்லறைப் பக்கம் போக நைல் ஆத்துல படகு ஏறுறோம். எனக்குப் போன் வருது. என் போன்ல மட்டும்தான் வெளிநாட்டுக்குப் பேசுற பேக் போட்டிருந்தேன், அவசரத்துக்குன்னு அவங்க வீட்ல என் நம்பரைத்தான் குடுத்திருந்தா. பேசினது அவ சித்தப்பா. முத்திருளப்பன்னு பேரு. மைக் செட் வச்சிருக்காரு, முத்திருளப்பன் சவுண்ட் சர்வீஸ். அந்த ஊர்ல காதுகுத்தா இருந்தாலும் கருமாதியா இருந்தாலும் அவரு குழாய் ஸ்பீக்கர்தான் பாடும்.

"ஆத்தா, பக்கத்துல அவ இருக்காளா? இருந்தா தள்ளிப் போ"ன்னாரு. தள்ளிப் போனேன். "அண்ணன் தவறிட்டாருத்தா. விடியக்காலம் வண்டியத் தொடைச்சுக்கிட்டே இருந்தவரு அப்படியே உக்காந்துட்டாரு. அவகிட்ட நேராச் சொல்லிராத, தாங்க மாட்டா. சீரியஸா இருக்காருன்னு மட்டும் சொல்லிக் கூட்டிட்டு வா. ஐஸ் பெட்டி சொல்லியிருக்கோம். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் வச்சிருப்போம். மகள் வந்து முகத்தைப் பார்த்துரட்டும்"னாரு.

பாருங்கக்கா, இதுதான் என் வயித்தெரிச்சல். மேடம் நம்பர் அவருகிட்ட இல்லையா? இருந்துச்சு. பெரியவங்ககிட்டச் சொல்ல வேண்டியதை என்கிட்ட ஏன் சொல்லணும்? என் வயசு என்ன? நம்ம ஆளுங்களுக்கு இது ஒரு பழக்கம். சம்பந்தப்பட்டவங்ககிட்டச் சொல்லாம, பக்கத்துல நிக்கிறவன் தலையில இறக்கி வச்சுட்டு, நீ பக்குவமாச் சொல்லுன்னுருவாங்க. சீரியஸ்னு சொன்னா நம்ம ஊர்ல யாருக்குக்கா புரியாது? அந்த வார்த்தையைச் சொன்ன உடனே அவ அங்கயே விழுந்துருவா. படகுல வச்சுச் சொல்லவா முடியும்? சரி, கரைக்குப் போயிச் சொல்லலாம்னு நினைச்சேன்.

கரைக்குப் போனா வேன் நிக்குது. ராஜாக்கள் பள்ளத்தாக்குன்னு மொட்டை மலை. மலைக்குள்ள வரிசையாக் கல்லறை. முதல் கல்லறைக்கு டிக்கெட் கிழிச்சாச்சு. இதைப் பார்த்துட்டுச் சொல்லலாம்னு உள்ள போனோம். நீளமாச் சரிவா இறங்குது, சுவரெல்லாம் படம். ஒரு கூரையில வானத்தையே ஒரு அம்மாவா நீட்டமா வரைஞ்சிருக்கான், அவ சூரியனைச் சாயங்காலம் முழுங்குறா, காலையில பெத்துப் போடுறா. சங்கவி அண்ணாந்து பார்த்துட்டு, அப்பாவுக்கு இதைச் சொல்லணும்டி, சிரிப்பாருன்னா. அடுத்த கல்லறைக்கு அப்புறம் சொல்லிரலாம்னு நினைச்சேன். அதுக்கடுத்தது இன்னும் அழகுன்னு கைடு சொல்லிட்டாரு.

வெளிய வந்தா மறுபடியும் சித்தப்பா. எப்பக் கிளம்புறீங்க, எத்தனை மணிக்கு வருவீங்கன்னு கேக்குறாரு. பின்னால எழவு வீட்டுச் சத்தம். பொம்பளைங்க அழுகுறது எனக்குக் கேக்குது. நான் என்னக்கா சொல்ல முடியும்? லக்சர்ல இருந்து கெய்ரோவுக்குத் தினமும் விமானம் இருக்குன்னு கைடு முந்தின நாளே ஏதோ பேச்சுல சொல்லியிருந்தாரு. ஆனா கெய்ரோவுல இருந்து துபாய், துபாய்ல இருந்து சென்னை, சென்னையில இருந்து மதுரை, அங்க இருந்து மானாமதுரை. நானே மனசுக்குள்ள கூட்டிப் பார்த்தேன். சரியா வராது. அதனால, "டிக்கெட் கிடைக்கல சித்தப்பா. சொல்லிட்டேன், அழுதுக்கிட்டே இருக்கா, பேசுற நிலைமையில இல்ல"ன்னுட்டேன்.

என்ன? யார்கிட்டயாவது கேட்டியாவா? யார்கிட்டக்கா கேக்குறது? மேடம்கிட்டக் கேட்டா மேடத்துக்குத் தெரிஞ்சிரும்ல.

சித்தப்பா, "அப்ப எடுத்துரலாமாத்தா?"ன்னாரு. என்கிட்டக் கேக்குறாரு. அவரு அண்ணன், அவங்க வீட்டுப் பொணம், எவளோ ஒருத்திகிட்ட எடுத்துரலாமான்னு கேக்குறாரு. நான், "எடுத்துருங்க சித்தப்பா"ன்னேன். வேற என்ன சொல்றது? நாளைக்கு வரைக்கும் வச்சிருந்து யாருக்கு என்ன லாபம்? நான் ஒண்ணும் என் லாபத்துக்காகச் சொல்லல. அவளோட நானும்தான் திரும்பியிருக்கணும், நானும் வந்த வேலை முடியாம, அந்தக் கோயிலைப் பார்க்காம வந்திருக்கணும், அதெல்லாம் அப்ப என் நினைப்புலயே இல்ல. சத்தியமா இல்ல.

தண்ணி இருக்காக்கா? ஒரு வாய் குடிச்சுக்கிறேன்.

சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மந்திரியோட கல்லறைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க ஒரு சுவத்துல வரிசையாப் பொம்பளைங்க. எல்லாருக்கும் வெள்ளைச் சேலை மாதிரி உடுப்பு. கையைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு அழுகுறாங்க. கண்ணுல இருந்து தண்ணி வழியிறதைக் கூடக் கோடு கோடா வரைஞ்சு வச்சிருக்கான். மந்திரியத் தூக்கிட்டுப் போறாங்கள்ல, அதுக்கு அழுகுறாங்க. நடுவுல சின்னப் பொண்ணு ஒண்ணு.

சங்கவி பார்த்தா. "ஏய், நம்ம ஊரு எழவு வீடேதான்டி"ன்னா. துப்பட்டாவை எடுத்துத் தலையில போட்டுக்கிட்டா, அந்தச் சுவத்துப் பக்கத்துல போயி நின்னா, ரெண்டு கையையும் தூக்கி, "என்னப் பெத்த அப்பா, என்னைய விட்டுப் போயிட்டீங்களே"ன்னு இழுத்து அழுது காட்டினா. எங்க கிளாஸ்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. குணசீலி மேடம் கூடச் சிரிச்சுட்டாங்க. எடுடி, எடுடி, அப்பாவுக்கு அனுப்பணும்னு என்கிட்டப் போனை நீட்டுறா.

எடுத்தேன்.

நான் எடுக்கலைன்னா வேற யாராச்சும் எடுத்திருப்பாங்க. அப்புறம் கணக்குப் பார்த்தேன், நம்ம ஊர்ல அது சாயங்காலம். அவங்கப்பாவைத் தூக்குற நேரம். வெக்கமா இருக்குக்கா. எனக்கு அதை நினைச்சா இப்பவும் சோறு இறங்காது. நல்லா வந்திருந்துச்சு அந்தப் போட்டோ, அதையும் சொல்லணும்.

சாயங்காலம் ஹோட்டலுக்கு வந்ததும், வைஃபை வேலை செய்யலைடின்னு சொல்லிப் பார்த்தேன். அவ போயி கவுண்டர்ல கேட்டு வேற பாஸ்வேர்டு வாங்கிட்டு வந்துட்டா. போட்டோவை அனுப்புனா. கட்டில்ல காலை நீட்டி உக்காந்துக்கிட்டுப் பேசுறா. "அப்பா, இன்னைக்கு ஒரு மந்திரி கல்லறை பார்த்தேன்ப்பா. நான் உங்களுக்கு அழுகுற மாதிரி ஒரு போட்டோ எடுத்திருக்கேன், பாருங்க. கோவிச்சுக்காதீங்க, சும்மா வெளையாட்டுக்கு. சாப்பிட்டீங்களா?" நான் பாத்ரூமுக்குள்ள நிக்கிறேன். குழாயைத் தொறந்து விட்டுட்டு நிக்கிறேன். அந்தப் போனை யாரும் பார்க்க மாட்டாங்க, சார்ஜ் இல்லாமக் கிடக்கும், கூட்டத்துல எங்கயாச்சும் விழுந்து கிடக்கும்னு நானா என்னென்னவோ சொல்லிக்கிறேன்.

வெளிய இருந்து குரல் குடுக்குறா. "அப்பா கேட்டுட்டாருடி."

நீல டிக். ரெண்டும்.

எரிச்சாச்சு, அவரு எப்படிக் கேப்பாரு? எனக்கு உடனே தெரிஞ்சு போச்சு. அந்தப் போன் சித்தப்பா கையில இருக்கு. அழுதுக்கிட்டே இருக்கா, பேச முடியலன்னு நான் சொன்ன புள்ளை, அண்ணனுக்குக் கொள்ளி வச்சுட்டு வந்த மனுசன் கிட்டச் சிரிச்சுப் பேசுது. எந்த நிமிசமும் எனக்குப் போன் வரும், கிழிச்சுத் தோரணம் கட்டுவாருன்னு காத்துக்கிட்டு இருக்கேன். வரல. மறுநாளும் வரல. இவ தினமும் அனுப்புறா, தினமும் நீல டிக் விழுது, தினமும் இவ என்கிட்ட வந்து அப்பா கேட்டுட்டாருங்கிறா. அந்த மனுசன் என்ன நினைச்சாருன்னே தெரியல. ஒரு வார்த்தை கிடையாது.

அபு சிம்பலும் வந்துச்சு. போனேன். நின்னேன். நாலு ராஜாவும் மடியில கையை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. ஒருத்தருக்குத் தலை உடைஞ்சு கீழ கிடக்கு. மத்தபடி என்ன பார்த்தேன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. என் கண்ணெல்லாம் என் போன் மேலயே. சங்கவிதான் என் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனா, வாடி, உன் கோயில்டி, நீ எத்தனை வருசம் ஆசைப்பட்டேன்னு. என்னைய நிக்க வச்சு நிக்க வச்சுப் போட்டோ எடுத்தா. அத்தனை போட்டோவும் என்கிட்ட இருக்கு. ஒண்ணைக் கூட யாருக்கும் காட்டினதில்ல.

திரும்பி வந்தோம். மதுரை ஏர்போர்ட் வாசல்ல சித்தப்பா நிக்கிறாரு. மொட்டை போட்டிருக்காரு. அந்தத் தலையைப் பார்த்ததுமே சங்கவிக்குப் புரிஞ்சு போச்சு. பெட்டியக் கீழ போட்டுட்டா. அவ போட்ட சத்தம், அக்கா, அந்தக் கல்லறையில வெளையாட்டுக்குப் போட்டாளே, அதே வார்த்தைதான். நான் காதைப் பொத்திக்கிட்டேன். அவரு எல்லாத்தையும் உடைக்கப் போறாருன்னு நிக்கிறேன். குணசீலி மேடம், எல்லாரும் நிக்கிறாங்க.

அவரு சொல்றாரு, "அன்னைக்கே உன் சிநேகிதிக்குப் போன் பண்ணேன்த்தா. அது உடனே கூட்டிட்டு வாரேன்னுச்சு. நான்தான் வேணாம்னேன். நீ வந்து சேர்றதுக்குள்ள நாளாயிரும்னு நானா முடிவு பண்ணி எடுத்துட்டேன். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அந்தப் புள்ளைகிட்டச் சத்தியம் வாங்கினதும் நான்தான்."

என்னைய ஒரு தடவை கூட நிமிர்ந்து பார்க்கல.

சங்கவி அவரு சட்டையப் பிடிச்சு அடிச்சா. முகத்தைக் கூடக் காட்டாம எரிச்சுட்டியேன்னு அடிச்சா. அவரு நின்னாரு. அப்புறம் அவ திரும்பி என்னையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. அவ்வளவையும் மனசுல வச்சுக்கிட்டு எப்படிடி என்கூடச் சிரிச்சுக்கிட்டு வந்தேன்னு கேட்டு அழுகுறா. எனக்காகத் தாங்குனியேன்னு சொல்லி அழுகுறா. நானும் அழுதேன். அந்த நேரத்துல எப்படிக்கா சொல்றது, இல்லடின்னு?

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். போகலைன்னா தப்பா நினைப்பாங்க. பந்தியில சித்தப்பா எனக்குத்தான் ரெண்டாவது தடவை பாயசம் ஊத்துனாரு. எனக்குப் பொறுக்கல. கொல்லப்பக்கம் கை கழுவுற எடத்துல போயி, சித்தப்பா நான் வந்துன்னு ஆரம்பிச்சேன். திட்டட்டும், நாலு அறை விடட்டும், ஒரு நாளோட முடியட்டும்னுதான் போனேன். அவரு துண்டை எடுத்துக் குடுத்துட்டுச் சொல்றாரு, "அப்பனும் போயி, சிநேகிதியும் இப்படின்னு தெரிஞ்சா அது எங்கத்தா போகும்? என்மேல கோவப்பட்டா எத்தனை நாளைக்குக் கோவப்படும். நான் அதுக்கு ரத்தம். எங்க போயிரப் போறேன். நீ வந்துக்கிட்டு இரு. கூப்பிடுறப்பல்லாம் வா."

இது என்ன நியாயம்க்கா? நான் கேட்டேனா, என்னையக் காப்பாத்துங்கன்னு? அவரா ஒண்ணைச் சொல்லிட்டு, அதைக் காலம் பூரா நான் சுமக்கணுமா? கூப்பிடுறப்பல்லாம் போறேன். தலைத் தீவாளிக்குக் கூட என் கூடக் கொண்டாடணும்னு இப்பவே சொல்லி வச்சிருக்கா. அவங்கம்மா எனக்குன்னு தனியாச் சேலை எடுக்குறாங்க. போயிட்டு வீட்டுக்கு வந்தா ரெண்டு நாளைக்கு எனக்குத் தூக்கம் கிடையாது. மனுசன் இவ்வளவு கொடுமை பண்ணுவாரான்னு இருக்கும்.

அவ இன்னும் அவருகூடப் பேசுறதில்ல. வருசம் ஆயிருச்சு. வாசப்படி ஏறக்கூடாதுன்னுட்டா. இன்னைக்கு நிச்சயத்துல பொண்ணு வீட்டுப் பக்கம் தட்டு மாத்தணும்ல, அப்பா இல்லைன்னா சித்தப்பாதான மாத்தணும்? தாய்மாமன் மாத்தட்டும், அந்தாளு மண்டபத்துக்குள்ள வரக்கூடாதுன்னுட்டாளாம். ஊருக்கெல்லாம் மைக் கட்டுறவரு அவருதான், ஆனா இன்னைக்கு அந்த மண்டபத்துல வேற ஆளோட குழாய் பாடிக்கிட்டு இருக்கும். நேத்துப் போன்ல என்கிட்டக் கேட்டா, நான் பண்றது சரிதானடின்னு. அது உங்க குடும்ப விஷயம்டி, நான் என்ன சொல்லன்னுட்டேன். நாம அடுத்தவங்க குடும்பத்துக்குள்ள தலையிடலாமா, சொல்லுங்க? நல்ல காரியம் நடக்குற நேரத்துல பழசையெல்லாம் கிளறினா அபசகுனம் இல்லையா?



சரி, எறங்குற எடம் வந்துருச்சு. இந்தப் பைய மட்டும் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. பின்னால முந்தானை கசங்கியிருக்கா? பரவாயில்லையா? அந்தா பாருங்க, புளிய மரத்துக்குக் கீழ டிவிஎஸ் வண்டியோட நிக்கிறாருல்ல, வெள்ளைச் சட்டை, அவருதான். காலையிலயே போன் பண்ணிட்டாரு, மண்டபம் உள்ள தள்ளி இருக்குத்தா, வெயில்ல நடக்காத, நான் வந்து ஏத்திக்கிறேன்னு. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்களையும் காலையில இருந்து அவருதான் கொண்டுபோயி விட்டுக்கிட்டு இருக்காராம்.

மண்டப வாசல்ல என்னைய எறக்கி விட்டுட்டு அவரு திரும்பிப் போயிருவாரு. நான் உள்ள போகணும்க்கா.